முப்பத்தெட்டு வருடத்துக்கு வாடகை இல்லை

1

ஜூலை முதல் தேதி உங்களுக்கு அங்கே எப்படியோ, எங்களுக்கு இங்கே இன்கிரிமெண்ட் நாள். மத்திய அரசு ஊழியர்களில் பாதிப் பேருக்கு மேல் சம்பளம் நூற்றுக்கு மூன்று வீதம் ஏறுகிற நாள். எனக்கு அது இன்னொரு வகையிலும் முக்கியம். முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன் இதே தேதியில்தான் கோவில்பட்டியிலிருந்து வந்து டில்லியில் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றைக்கு எனக்கு அது வெளிநாடு. டில்லி வெளிநாடா என்று நீங்கள் சிரிக்கலாம். பாஸ்போர்ட் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டு ராத்திரி ரயிலில் தூங்கி எழுந்து, பெயர்ப்பலகை படிக்க வராத ஊரில் இறங்கியவனுக்கு அது எந்த நாடாக இருந்தால் என்ன.

வருடா வருடம் அன்று மாலை கோமதி கேசரி கிண்டுவாள். என் மனைவி, சாத்தூர்க்காரி. "கல்யாண நாள் ஞாபகம் இருக்காது. இன்கிரிமெண்டு நாள் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கும் உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் முந்திரி வறுப்பாள்.

இந்த வருடம் கேசரி தட்டுக்கு வரும்போது எங்கள் மகள் காவ்யா போனை நீட்டினாள். "அப்பா, வந்துருச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ்." கிரேட்டர் நொய்டா பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம். நான்கு வருடத்துக்குக் கட்டணம் பன்னிரண்டு லட்சம், விடுதிக்கு எட்டு லட்சம். பத்து நாட்களுக்குள் முதல் தவணை கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இது வேண்டாமென்றால் சாதாரணக் கல்லூரியில் கணிதம் படிக்கலாம், வருடத்துக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அதையும் அவள் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் போனில் மணி அடிக்கும்படி ஒரு சின்னப் பலகையில் ஒயர்களைப் பொருத்தி, நாலு நாள் உட்கார்ந்து நிரல் எழுதியவள் அவள். இன்றைக்கும் அந்த மணி அடித்துத்தான் மூன்று மாடிக்கும் மோட்டார் நிற்கிறது. எது வேண்டும் என்று அவளைக் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

"இருபது லட்சம்" என்றேன்.

"ம்" என்றாள். கேசரியை ஸ்பூனால் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

2

என் படிப்புக்கு என்ன செலவாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். பி.காம். கட்டணம் ஞாபகத்திலேயே இல்லை, அவ்வளவு சின்னத் தொகை. ஞாபகம் இருப்பது தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் மாதக் கட்டணம் மட்டும்தான். மார்க்கெட் ரோட்டில் மாடியில் இருந்தது. பன்னிரண்டு மிஷின்கள். ஜன்னலோரம் இருந்த மிஷினில் 'எ' எழுத்து பாதிதான் விழும், அதனால் அதில் யாரும் உட்கார மாட்டார்கள், காற்று வரும் என்று நான் உட்காருவேன். அடித்துக்கொண்டே இருப்பேன், கண் மட்டும் வெளியே போய்விடும். மிஷினின் மணி அடித்ததும் திரும்பி வரும்.

அப்பா மில்லில் டைம் கீப்பர். சேரலாமா என்று கேட்டபோது, கையில் இருந்த டீயைக் குடித்து முடிக்கிற நேரம்தான் எடுத்துக்கொண்டார். "எத்தனை மாசத்துல முடியும்?" என்று கேட்டார். பதினெட்டு மாதம் என்றேன். "சரி, சேரு" என்றார். என் படிப்பையும் வருமானத்தையும் எடை போட்டுப் பார்த்த வேலை அத்தோடு முடிந்தது. தட்டச்சில் ஹையர் பாஸாகி, மத்திய அரசுத் தேர்வு எழுதி, இருபத்து மூன்று வயதில் இங்கே வந்துவிட்டேன்.

சேர்ந்த அன்று ஒரு கிழட்டு சூப்பிரண்டெண்ட் என் சர்வீஸ் புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகக் கேட்டார். உங்களுக்குப் புரியச் சொன்னால், அரசு ஊழியனின் மொத்த வாழ்க்கையும் எழுதப்படுகிற நோட்டு அது. அதில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் உண்டு. ஊருக்குப் போய்வர அரசாங்கம் பயணச் செலவு தருமே, அதற்காக. "யோசித்துச் சொல், சர்வீஸ் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் மாற்றலாம்" என்றார் இந்தியில். பாதிதான் புரிந்தது. யோசிக்க என்ன இருக்கிறது. கோவில்பட்டி என்றேன்.

அப்பாவும் அம்மாவும் போய், வீடும் கைமாறி, போன தடவை அரசுச் செலவில் சொந்த ஊருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டு எதிரே லாட்ஜில்தான் தங்கினோம். ரிசப்ஷனில் இருந்தவர் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, "டில்லியா சார், ஊரைச் சுத்திப் பாக்க வந்தீகளா?" என்று அன்பாகக் கேட்டார். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

3

என் பிரிவில் எனக்கு ஒரு சின்னப் பெயர் உண்டு. பதவி உயர்வு வந்தால் சம்பளம் எங்கே நிற்கும், எந்தத் தேதியிலிருந்து வாங்கினால் லாபம் என்று கணக்குப் போட்டுச் சொல்வேன். மதிய உணவு நேரத்தில் வேறு மாடிகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். பச்சைக் குறிப்புத் தாளில் கட்டம் போட்டு, ஓய்வு பெறும் நாள்வரை வருடவாரியாக எழுதிக் கொடுப்பேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகும்போது அவர்கள் நடையே மாறியிருக்கும்.

காவ்யாவுக்கும் அப்படி ஒரு தாள் போட்டேன். வேறு எப்படி எடை போடுவது என்று எனக்குத் தெரியாது.

எங்கள் வீடு இருக்கிற மயூர் விஹாரில் மெட்ரோ ஏறினால் யமுனைப் பாலம் வரும்வரை பெரும்பாலும் விழித்திருப்பேன். ஆற்றைக் கண்டதும் கண் விழித்தபடியே தூங்குகிற ஒரு நிலை வரும். இறங்க வேண்டிய மண்டி ஹவுஸைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு, கோமதிக்குத் தெரியாது. அந்த வாரம் அந்த நிலையில்தான் ஒவ்வொரு வருடமாக மனதில் எழுதினேன். அலுவலகம் போனதும், மதியம் சாலையோர நாவல் மரத்தடியில் உட்கார்ந்து தாளில் ஏற்றினேன். ஜூலையில் அந்தச் சாலைகள் முழுக்க நாவல்பழம் விழுந்து நசுங்கிக் கிடக்கும். தாளின் மூலையிலும் ஒரு கறை விழுந்தது.

அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் படிக்கக் கூடாது என்று தமிழில் எழுதினேன். மேலே சர்வீஸ் புக் மாதிரியே பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், சொந்த ஊர். சொந்த ஊர் கட்டத்தில் கோவில்பட்டி என்று கை தானாக எழுதியது. கீழே கட்டங்கள். இருபத்து இரண்டு வயதில் வேலை. வருடச் சம்பளம் ஆறு லட்சம். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த பையன்களுக்குச் சாதாரணமாகக் கிடைப்பதாகக் கேள்விப்பட்டது அது. கைக்கு மாதம் நாற்பத்திரண்டாயிரம். இருபது லட்சம் கடன், படிக்கிற காலத்து வட்டியும் சேர்ந்து இருபத்தாறு ஆகிவிடும். அதைப் பத்து வருடத்தில் கட்ட மாதம் முப்பத்து நாலாயிரம். பஸ், கைச்செலவு நாலாயிரம். வாடகைக்கு ஒரு கட்டம் இருந்தது, அதில் 'நில்', அதாவது ஒன்றுமில்லை. மீதி நாலாயிரம். இரண்டாம் வருடத்திலிருந்து ஜூலைக்கு ஜூலை மூன்று வீதம், வருடத்துக்கு இரண்டு முறை பஞ்சப்படி, பத்தாம் வருடம் ஒரு உயர்வு, இருபதாம் வருடம் ஒன்று, முப்பதாம் வருடம் ஒன்று.

எழுத எழுத அவளைப் பார்த்தேன். எட்டாம் வருடம் கண்ணாடி போட்டுக்கொண்டாள். பதினோராம் வருடம் கடன் தீர்ந்தது, அன்றைக்கும் கேசரி. இருபதாம் வருடம் தலையில் கொஞ்சம் நரை, என் அம்மாவுக்கு வந்த அதே இடத்தில். முப்பத்தெட்டாம் வருடம் ஓய்வு. சால்வை, சமோசா, பேச்சு. எனக்கு அப்போது தொண்ணூற்று ஒன்பது. முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கண் கலங்கிவிட்டது எனக்கு. மொத்த வருமானத்தின் பக்கத்தில் அந்த இருபது லட்சம் இருக்கிற இடமே தெரியவில்லை.

4

சனிக்கிழமை காலை காவ்யாவோடு வங்கிக்குப் போனேன். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துக் கிளைதான். கடன் பிரிவில் இருபத்தாறு, இருபத்தேழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பொறுமைசாலி. இந்தத் தொகைக்கு ஈடு வேண்டும், வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது. வீட்டுக்காக அரசாங்கத்தில் வாங்கிய முன்பணத்தைப் போன வருடம்தான் அடைத்து முடித்தேன். அந்தக் கடன் எனக்கு உறுத்தியதே இல்லை, சம்பளத்தில் அவர்களே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இது அப்படி இல்லை.

"நீங்கள் மூன்று வருடத்தில் ரிடையர். இவர் படிப்பு முடிய நாலு வருடம். தவணை எப்படிக் கட்டுவீர்கள்?" என்று இந்தியில் கேட்டாள்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பச்சைத் தாள்களை விரித்தேன். பக்கம் பக்கமாக நான்கு தாள் இருந்ததால் மேசையில் அவள் டீக் கோப்பையை நகர்த்த வேண்டியிருந்தது. தமிழ் தெரியாதே, ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து விளக்கினேன். இது பேசிக். இது ஜூலை இன்கிரிமெண்ட். இது டி.ஏ., ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று.

அவள் விரலை அந்தக் கட்டத்திலேயே நிறுத்தினாள். "அங்கிள்ஜி, ப்ரைவேட் மே டி.ஏ. கௌன் தேகா?"

தனியார் கம்பெனியில் பஞ்சப்படி யார் தருவார்கள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல் இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். அவள் தம்பியும் இதே படிப்புதான். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மெயில் வந்தது, திங்கட்கிழமை வேலை இல்லை. நான்கு மாதம் அவன் தவணையை இவள் கட்டினாள். "இன்கிரிமெண்ட் வரும்போது நிறைய வரும் அங்கிள்ஜி. வராதபோது வேலையே இருக்காது."

முப்பத்து நான்கு வருடம் எத்தனையோ பேருக்குச் சம்பளக் கணக்குப் போட்டவன், ஒரு கம்பெனிக்காரப் பெண்ணுக்கு அரசாங்க உத்தியோகம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கிராஜுவிட்டி வரைக்கும் எழுதியிருந்தேன். காது சூடாகிவிட்டது. காவ்யா சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவள் தாள்களை ஒவ்வொன்றாக மடித்தாள்.

"இத எனக்குக் குடுங்கப்பா" என்றாள் வெளியே வந்ததும். இ-ரிக்‌ஷாவில் வீடுவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

5

ஞாயிறு மதியம் மழை பிடித்துக்கொண்டது. கூலரின் சத்தமும் மழையின் சத்தமும் கலந்து வீடே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிற ரயில்பெட்டி போல இருந்தது. நான் கட்டிலில் அரைத்தூக்கத்தில் கிடந்தேன். காவ்யா தரையில் தாள்களைப் பரப்பிப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தமிழ் படித்து எத்தனை வருடம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டாள், நானும் விட்டுவிட்டேன். இப்போது விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்காகவே கண்ணைத் திறக்காமல் கிடந்தேன்.

"வா... ட... கை. அப்பா, ரெண்ட்தானே இது?"

"ஆமா."

"எல்லாத்துலயும் நில் போட்டிருக்கீங்க."

"நம்ம வீடு இருக்கே."

"முப்பத்தெட்டு வருஷமுமா?"

எழுந்து உட்கார்ந்தேன். பஞ்சப்படியாவது தொழில் பழக்கத்தில் வந்த தவறு. இது அப்படி இல்லை. அந்தக் கட்டத்தைப் போட்டவன் நான், நில் என்று முப்பத்தெட்டு தடவை எழுதியவனும் நான். ஒரு தடவைகூடக் கை நிற்கவில்லை. இருபத்து மூன்று வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய ஆள், தன் பெண் அறுபது வயதுவரை பக்கத்து அறையில் இருப்பாள் என்று பச்சைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

கோமதி சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ளைக்கும் சேத்து இங்கனயே ரூம் ஒதுக்கியிருப்பாரு உங்கப்பா. நல்லாப் பாரு, அடியில எழுதியிருப்பாரு."

காவ்யா சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். பஞ்சப்படிக் கட்டத்தை மேலிருந்து கீழே ஒரே கோடாக அடித்தாள். சில வருடங்களுக்கு இன்கிரிமெண்ட் இல்லை, சில வருடங்களுக்கு நான் போட்டதைவிட அதிகம். ஆறாம் வருடத்தில் ஐந்து மாதத்துக்கு சைபர் போட்டாள். "இந்த வருஷம் ஜாப் போயிடுச்சுன்னு வெச்சுக்கலாம்" என்றாள், மழை வருதுன்னு வெச்சுக்கலாம் என்பது போல. எங்கள் புத்தகத்தில் சம்பளம் நின்றால் அது சஸ்பென்ஷன்.

"அந்த அஞ்சு மாசம் என் பென்ஷன்ல கட்டுவோம்" என்றேன். யோசித்தாள். பிறகு எழுதிக்கொண்டாள்.

வாடகைக் கட்டத்துக்கு வந்தாள். பெங்களூரோ புனேயோ, மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்தால்கூட, சாப்பாடு, கைச்செலவோடு பதினெட்டாயிரம். முதல் வருடமே மாதம் பத்தாயிரம் உதைத்தது. இரண்டு தடவை கூட்டினாள். பென்சிலைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது போல் இருந்தது. பரவாயில்லை, எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"ஹாஸ்டல் வேண்டாம்" என்றாள்.

"ரெண்டு மணி நேரம் போகணும், ரெண்டு மணி நேரம் வரணும், தாயி."

"மெட்ரோல தூங்கிக்கறேன். உங்க பொண்ணுதானே நான்." கோமதிக்குத் தெரியாது என்று நினைத்தது இவளுக்குத் தெரிந்திருக்கிறது. "ட்வெல்வ் லாக்ஸ்தான் லோன். மாசம் இருபதாயிரத்து அறுநூறு. ரெண்ட் போக மூணாயிரம் மிச்சம். டைட்தான். பட் ஹோ ஜாயேகா." சமாளித்துவிடலாமாம்.

அதோடு விடவில்லை. எல்லாருக்கும் ஆறு லட்சம் கிடைக்காது, நாலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். நாலு லட்சம் என்றால் வெளியூரில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. "அப்ப டில்லியிலேயே வேலை பாத்துக்கிட்டு இங்கேயே இருப்பேன். லோன் முடியற வரைக்கும் நில்தான்."

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நாலு லட்சமே போதும் என்று என் மனம் ஆசைப்பட்டது. என் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் கிடைக்கட்டும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு வேண்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்க் கூலரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். நிறைய இருந்தது.

திரும்பி வந்தபோது முதல் தாளுக்குப் போயிருந்தாள். மேலே, பெயர் எழுதிய இடத்தில். "அப்பா, இது தப்பு."

"எது?"

"சொந்த ஊர். கோவில்பட்டின்னு போட்டிருக்கீங்க. அது உங்களோடதுப்பா. நான் அங்க மொத்தமா முப்பது நாள் இருந்திருப்பேனா?"

சரி, டில்லி என்று போட்டுக்கொள் என்றேன். அவள் கோவில்பட்டியை அழிக்கவில்லை, மெல்லிசாக ஒரு கோடு மட்டும் போட்டாள். பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். பெரிய பெரிய எழுத்து, ஆறாம் வகுப்பில் நிறுத்திய இடத்திலிருந்து. டில்லி என்று எழுதவில்லை. மயூர் விஹார் என்று எழுதி, எங்கள் வீட்டு நம்பரையும் எழுதினாள்.

"வேற ஊர்ல வேலைன்னா லீவுக்கு எங்க வருவேன்? இங்கதானே" என்றாள்.

அவளுக்கு அது ஒரு தகவல். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்து நான்கு வருடமாக வெளியூரில் இருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உலர்த்திய துணி, அம்மன் படக் காலண்டர், மழையில் ஊறிய பால்கனிக் கதவு, எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தேன். ஒருத்தியின் சொந்த ஊரில் குடியிருக்கிறேன், அதுகூடத் தெரியாமல்.

6

வங்கியில் பன்னிரண்டு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. வீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டார்கள். காவ்யாவின் திருத்திய தாளை அந்தப் பெண் கேட்காமலே காட்டினேன். "இது யார் போட்டது?" என்றாள். சொன்னேன். இந்தத் தடவை எந்தக் கட்டத்திலும் விரலை நிறுத்தவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவுக்குப் போனேன். அங்கே நேகிஜி இருக்கிறார். கட்வால் மலைக்காரர், இருபது வருடப் பழக்கம். சொந்த ஊர் மாற்றும் படிவம் ஒன்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். அவர் மேசையிலேயே நின்று நிரப்பினேன்.

வாங்கிப் படித்தவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "ஷண்முகம்ஜி, இத்தனை வருடம் விட்டுவிட்டு இப்போது மாற்றுகிறீர்கள். வேலை பார்க்கிற ஊரும் சொந்த ஊரும் ஒன்றானால் ஊருக்குப் போகிற செலவு ஒரு பைசா கிடைக்காது, தெரியுமல்லவா? மற்றவர்களுக்கு நீங்கள்தானே சொல்வீர்கள்."

"தெரியும்" என்றேன். "அந்தக் கட்டத்தில் நில் போட்டுக்கொள்ளுங்கள்."

கடைசியில் மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு வரி இருந்தது. விட்டுவிட்டேன் என்று அவர்தான் காட்டினார். மகளின் சொந்த ஊர் என்று எழுதிக் கொடுத்தேன். நேகிஜி அதைப் படித்தார், தன் மலையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டாரோ என்னவோ, முத்திரையை எடுத்துத் தேதியைத் திருப்பிக் குத்தினார்.